பழைய லீவர் ரைஃபிள்: வெற்று உறை தெறிக்காமல் உள்ளேயே படுத்துக்கொள்கிறது

பழுப்புக்கட்டை எழுதியது:

வணக்கம். என்னிடம் ஒரு வின்செஸ்டர் 1894 இருக்கிறது. .38-55 தோட்டாவுக்கானது, எண்கோணக் குழல், வரிசை எண்ணை வைத்துப் பார்த்தால் 1890-களின் கடைசியில் செய்தது. மாமனார் வைத்திருந்தது. அவர் போன பிறகு எட்டு வருடம் அலமாரியில் கிடந்தது, போன மாதம்தான் எடுத்துத் துடைத்துச் சுடுதளத்துக்குக் கொண்டு போனேன். குறி நன்றாகவே விழுகிறது. மரமும் இரும்பும் அந்த வயதுக்கு அவ்வளவு அழகு, கை வைக்கவே மனம் வரவில்லை.

பிரச்சினை ஒன்றுதான். சுட்ட பிறகு லீவரை இறக்கினால் வெற்று உறை சேம்பரை (தோட்டா உட்காரும் அறையை) விட்டுச் சுலபமாக வந்துவிடுகிறது, கையில் எந்தத் தடையும் தெரியவில்லை. ஆனால் வெளியே தெறிப்பதில்லை. ஒன்று, வாயை லேசாகத் தூக்கிவிட்டு ரிசீவருக்குள்ளேயே, அதாவது துப்பாக்கியின் நடுக்கூட்டுக்குள்ளேயே, படுத்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் பாதி எழுந்து விளிம்பில் சாய்ந்து நிற்கிறது, அதற்குள் அடுத்த தோட்டா கீழிருந்து வந்து இரண்டும் சிக்கிக்கொள்கின்றன, நான் விரலை விட்டு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருக்கிறது. லீவரை வெடுக்கென்று இழுத்தால் சில உறைகள் ஒரு சாண் தள்ளிப் போய் விழுகின்றன. மெதுவாக இழுத்தால் அநேகமாக எதுவுமே போவதில்லை.

120 வருடத்துக்கு மேலான எஜெக்டர் ஸ்பிரிங் (உறையை வெளியே தள்ளும் பாகத்துடையது), சோர்ந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் கடினமான ஸ்பிரிங்காகப் பார்த்து வாங்கிப் போட்டுவிடலாமா? வேறு துப்பாக்கிகளைப் பிரித்துச் சுத்தம் செய்த பழக்கம் உண்டு. இதை இன்னும் பிரித்ததில்லை, கொஞ்சம் பயமாக இருக்கிறது.

மரைமுறுக்கி எழுதியது:

ஸ்பிரிங் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு ஸ்பிரிங் ஒரு காரணமாக இருக்கலாம்தான், ஆனால் நான் பார்த்த பழைய 94-களில் அது கடைசிக் காரணம். அதைவிட முக்கியம், காரணம் வேறாக இருந்து நீங்கள் கடினமான ஸ்பிரிங் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். ஏன் என்று சொல்கிறேன்.

94-இல் போல்ட்டின், அதாவது லீவரோடு முன்னும் பின்னும் ஓடிச் சேம்பரை மூடும் துண்டின், முகப்பைப் பாருங்கள். மேலே எக்ஸ்ட்ராக்டர், அதாவது உறையின் அடியில் உள்ள ரிம்மை (விளிம்பை) பிடித்து இழுக்கும் கொக்கி. கீழே எஜெக்டர், ஸ்பிரிங்கால் எப்போதும் முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும் சிறு தண்டு. போல்ட் பின்னால் போகும்போது மேலே கொக்கி பிடித்திருக்கிறது, கீழே தண்டு தள்ளுகிறது, உறையின் வாய் சேம்பரை விட்டு வெளியே வந்த கணத்தில் தடுக்க ஒன்றும் இல்லாததால் உறை கொக்கியைச் சுற்றிச் சுழன்று மேலே பறக்கிறது. கதவு கீலைச் சுற்றித் திறப்பது போலத்தான். இதில் கீல் யார்? கொக்கி. கீல் தளர்ந்திருந்தால் கதவை எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் அது சுழலாது, கழன்று விழும். கொக்கி ரிம்மைச் சரியாகப் பிடிக்காத துப்பாக்கியில் கடினமான எஜெக்டர் ஸ்பிரிங் போட்டால், உறை சுழல்வதற்கு முன்பே கொக்கியை விட்டு நழுவி உள்ளே விழுந்துவிடும். பிறகு நீங்கள் இன்னும் கடினமான ஸ்பிரிங்கைத் தேடுவீர்கள்.

ஆகவே முதல் கேள்வி, உங்களுடையதில் பிடி போதவில்லையா, தள்ளு போதவில்லையா. உறை பாதி எழுந்து நிற்கிறது என்றும், மெதுவாக இழுத்தால் போகவில்லை, வேகமாக இழுத்தால் போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல நிலையில் இருக்கும் 94-இல் லீவரை நிதானமாக இழுத்தாலும் உறை வெளியே போக வேண்டும், ஏனென்றால் தள்ளுவது ஸ்பிரிங், உங்கள் கை வேகம் அல்ல. அதனால் தள்ளு குறைவு என்பது வரை உங்கள் ஊகம் சரி. ஆனால் தள்ளு குறைந்ததற்கு ஸ்பிரிங்தான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். எஜெக்டர் ஓடும் துளைக்குள் பழைய எண்ணெய் காய்ந்து அரக்கு மாதிரி இறுகியிருக்கும். எட்டு வருடம் அலமாரியில் என்றீர்கள், அதற்கு முன் யார் எப்போது சுத்தம் செய்தார்கள் என்றும் தெரியாது. அந்த அரக்குக்குள் ஸ்பிரிங் பாவம் என்ன செய்யும்.

பிரிக்கும் முன் செய்யக்கூடிய சோதனை ஒன்று. துப்பாக்கி காலி என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். லீவரை நாலு தரம் ஆட்டி ஒன்றும் வரவில்லை என்பது மட்டும் போதாது. பழைய மேகசின் குழாயில் ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் ஒரு தோட்டா உள்ளேயே தங்கிவிடும், பிறகு துப்பாக்கியைச் சாய்க்கும்போது நழுவி வரும். கேரியருக்கு (தோட்டாவை மேலே தூக்கும் பாகத்துக்கு) முன்னால் மேகசினின் ஃபாலோயர், அதாவது குழாய்க்குள் தோட்டாக்களைத் தள்ளும் மூடி, கண்ணுக்குத் தெரிகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். பிறகு விரல் போகாத இடத்தில் ஒரு மரக்குச்சியால் எஜெக்டர் நுனியை அழுத்தி, பிறகு குச்சியை எடுத்துவிடுங்கள். டக்கென்று குதித்து வெளியே வர வேண்டும். சோம்பலாக ஊர்ந்து வந்தால் அழுக்கு. வரவே இல்லை, அல்லது பாதியில் நின்றது என்றால் அழுக்கு, துரு, உடைந்த ஸ்பிரிங் மூன்றில் ஒன்று.

இன்னொன்று. இதை முழுத் தோட்டாவோ டம்மியோ (மருந்தில்லாத போலித் தோட்டாவோ) வைத்துச் சோதிக்காதீர்கள், சுட்ட வெற்று உறையை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். முழுத் தோட்டா நீளம், அதன் முனை சேம்பரை விட்டு வெளியேறுவது போல்ட் ஓட்டத்தின் கடைசியில்தான், அதனால் அது விழும் விதமே வேறு. பலர் டம்மியை வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு எஜெக்டரைக் குறை சொல்கிறார்கள்.

பித்தளைச்சட்டம் எழுதியது:

என்னிடம் இருப்பது 1873, .44-40. அதில் கதையே வேறு, அதனால் என் அனுபவம் உங்களுக்கு நேராகப் பொருந்தாது, ஆனாலும் இதை இங்கே யாராவது 73 வைத்துக்கொண்டு படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். 73-இல் தனியாக எஜெக்டர் தண்டு என்று ஒன்று கிடையாது. லீவர் கடைசிவரை போகும்போது கேரியர் மேலே எழும்பி, கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும் வெற்று உறையைக் கீழிருந்து தட்டி வெளியே எறிகிறது. அங்கே கை வேகம்தான் எல்லாம். லீவரைப் பாதி மனதோடு இழுத்தால் உறையும் பாதி மனதோடுதான் போகும். என் முதல் வருடம் முழுக்க துப்பாக்கியில் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு லீவர் கடைசி அரை அங்குலம் போகவே இல்லை என்று காட்டினார். பயத்தில் மென்மையாகக் கையாண்டிருக்கிறேன். பழைய பொருள் என்றால் நமக்கு அந்தப் பயம் வந்துவிடுகிறது. நீங்களும் லீவரை அது நிற்கும் இடம் வரை முழுசாகத் தள்ளுகிறீர்களா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். 94-க்கும் போல்ட் முழு தூரம் போனால்தான் நல்லது.

கிரெயின்255 எழுதியது:

மரைமுறுக்கி சொன்னது எல்லாம் சரி. நான் தோட்டா பக்கத்திலிருந்து பேசுகிறேன், ஏனென்றால் யாரும் அதைக் கேட்கவில்லை. நீங்கள் சுடுவது என்ன தோட்டா? உறைகள் எங்கிருந்து வந்தவை?

.38-55 உறைகளில் கலப்படம் அதிகம். .30-30 உறையின் கழுத்தை விரித்து .38-55 ஆக்கியவை உண்டு. ரிம் விட்டம் ஒன்றுதான், ஆனால் நீளம் குறையும். தொழிற்சாலையிலிருந்தே வருவதிலும் 2.085 அங்குலத்தை ஒட்டியது ஒன்று, பழைய நீளமான 2.125 அங்குலம் இன்னொன்று. நீளம் மாறினால் வாய் சேம்பரை விட்டு வெளியேறும் இடம் மாறும், தெறிக்கும் கோணமும் கொஞ்சம் மாறும். அதைவிட முக்கியம் ரிம். பல தடவை மறுபடி நிரப்பிய உறைகளில், கொக்கி இழுத்து இழுத்து ரிம்மின் முன் விளிம்பு மழுங்கிப் போயிருக்கும். புதிதாக இருக்கும்போது கொக்கி பிடிக்க ஒரு நல்ல படி இருக்கும், தேய்ந்த பிறகு அது சரிவாகிவிடும். சரிவில் கொக்கி நிற்காது.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். பத்து உறையை எடுத்து ஒவ்வொன்றிலும் பேனாவால் எண் போடுங்கள். எந்த எண் தெறிக்கிறது, எந்த எண் விழுகிறது என்று எழுதி வையுங்கள். ஒரே எண்கள் திரும்பத் திரும்ப விழுந்தால் குறை உறையில். எண் மாறி மாறி விழுந்தால் குறை துப்பாக்கியில். பத்து நிமிட வேலை, ஆனால் இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் பாகம் மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம், இதைச் சொல்லாமல் என்னால் போக முடியாது. .375 வின்செஸ்டர் என்று ஒரு தோட்டா இருக்கிறது, 1978-இல் வந்தது. .38-55-இன் வழியில் வந்ததுதான், உறை கொஞ்சம் குட்டை, அதனால் பழைய .38-55 சேம்பருக்குள் அது போய்விடும். போகக்கூடாது. .38-55-இன் அழுத்தம் 30,000 அலகு என்றால் .375-இன் அழுத்தம் 52,000. உங்கள் குழல் 1890-களின் .38-55 குழல், கருமருந்து காலத்து எஃகு. புகையற்ற மருந்துக்கென்று செய்த நிக்கல் எஃகுக் குழலை வின்செஸ்டர் 1895-இல் .30-30-க்கும் .25-35-க்கும்தான் கொண்டு வந்தது. மாமனாரின் பெட்டியில் கலந்து கிடக்கும் தோட்டாக்கள் இருந்தால் ஒவ்வொன்றின் அடியிலும் என்ன பொறித்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள். அவசரப்படாமல் படியுங்கள்.

பழுப்புக்கட்டை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரமாகப் பதில் வரும் என்று நினைக்கவில்லை.

கிரெயின்255 ஐயா, பெட்டியைக் கொட்டிப் பார்த்தேன். .375 ஒன்றும் இல்லை, மனம் நிம்மதியானது. ஆனால் உறைகளில் நீங்கள் சொன்ன கலப்படம் இருக்கிறது, இரண்டு விதமான முத்திரை. நான் சுடுவது மெதுவான ஈயக் குண்டு, லேசான மருந்து, மாமனார் நோட்டில் எழுதி வைத்திருந்த அளவுதான்.

குச்சியால் எஜெக்டரை அழுத்திப் பார்த்தேன். ஊர்ந்து வருகிறது. கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் வேகத்தில், அவ்வளவு மெதுவாக. போல்ட்டை வெளியே எடுக்காமலே அங்கு எண்ணெய் ஊற்றிச் சரி செய்யலாமா, அல்லது பிரிப்பதுதான் வழியா?

மரைமுறுக்கி எழுதியது:

ஊர்ந்து வருகிறது என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. எண்ணெய் ஊற்றினால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு அந்த எண்ணெயும் அரக்கோடு சேர்ந்துகொள்ளும். பிரியுங்கள். ஆனால் பிரிக்கும் விதத்தில் கவனம் வேண்டும், அதைத்தான் நீளமாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் பழைய துப்பாக்கிகளை அழிப்பது துரு அல்ல, பொருந்தாத ஸ்குரூ டிரைவர்.

அந்தக் காலத்து ஸ்குரூக்களின் காடி குறுகலாக, பக்கங்கள் நேராக இருக்கும். சாதாரண ஸ்குரூ டிரைவரின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும், திருப்பும்போது அது காடியை விட்டு மேலே ஏறிக் காடியின் உதட்டைப் பிய்த்துவிடும். பக்கங்கள் இணையாக அரைத்த நுனி வேண்டும், காடியின் அகலத்துக்கும் தடிமனுக்கும் சரியாகப் பொருந்த வேண்டும், ஆடக்கூடாது. கிடைக்காவிட்டால் ஒரு மலிவான டிரைவரை எடுத்து அந்த ஒரு ஸ்குரூவுக்கென்றே அரத்தால் ராவிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், என் இழுப்பறையில் ஒரே ஒரு ஸ்குரூவுக்கென்று செய்த நுனிகள் நிறைய இருக்கின்றன. இறுகியிருந்தால் ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாளும் வரவில்லையா, இன்னொரு இரவு. பலம் காட்டாதீர்கள். பின்களைத் தட்டும்போது பித்தளைப் பஞ்ச் (பின்னைத் தள்ளும் சிறு தண்டு). எந்தப் பக்கத்தில் பழைய தட்டின அடையாளம் இருக்கிறது என்று முதலில் பார்த்து, முன்பு எப்படி எடுத்தார்களோ அப்படியே எடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று வாரம் கழித்து எந்தப் பின் எங்கே என்று நினைவிருக்காது. முதல் தடவை தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், பழைய வின்செஸ்டர் பிரித்துப் பழகிய ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

போல்ட் கையில் வந்ததும் எஜெக்டரை நிறுத்தி வைத்திருக்கும் சிறு பின்னைக் காண்பீர்கள். அதை எடுக்கும்போது நுனியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஸ்பிரிங் பறந்து போய் ஒளிந்துகொள்ளும். தண்டு, ஸ்பிரிங், துளை மூன்றையும் மண்ணெண்ணெயில் ஊற வைத்துச் சுத்தம் செய்யுங்கள். துளைக்குள் பஞ்சு சுற்றிய குச்சி. அரத்தாளை உள்ளே விடாதீர்கள். துளையைப் பெரிதாக்கிவிட்டால் தண்டு ஆடும், ஆடினால் சாய்ந்து சிக்கும், அதைத் திருப்பிச் சின்னதாக்க முடியாது. திரும்பப் போடும்போது எண்ணெய் பெயருக்கு ஒரு பூச்சு, அவ்வளவுதான்.

எஜெக்டர் வெளியே இருக்கும்போதே கொக்கியைச் சோதித்துவிடுங்கள், இதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சுட்ட உறையின் ரிம்மைப் போல்ட் முகப்பில் கொக்கிக்கடியில் மாட்டிவிட்டுப் போல்ட்டைக் கிடையாகப் பிடியுங்கள். உறையின் வாய் லேசாகத் தொங்கும், அது பரவாயில்லை. மெதுவாகக் குலுக்கும்போதே கழன்று விழுந்தால் பிடி போதவில்லை. அப்போது உடனே கொக்கி தேய்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம், கொக்கியின் உள்வளைவைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பித்தளைத் துகளும் கரியும் சேர்ந்து அங்கே ஒரு திண்டு மாதிரி இறுகியிருக்கும். கொக்கி ரிம்மைக் கடிப்பதற்குப் பதில் அந்தத் திண்டுதான் ரிம்மில் உட்கார்ந்திருக்கும். கொக்கிக்கு அடியில், அது படுத்திருக்கும் பள்ளத்திலும் அதே குப்பை சேர்ந்தால் கொக்கி முழுசாகக் கீழே இறங்காது. கூர்மையான மரக்குச்சி அல்லது பித்தளை ஊசியால் சுரண்டி எடுங்கள்.

கொக்கியை வளைத்து இறுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 94-இன் கொக்கி ஒரே துண்டு ஸ்பிரிங் எஃகு, தானே தனக்கு ஸ்பிரிங். குளிர்ந்த நிலையில் வளைத்தால் ஒரு தரம் வளையும், இரண்டாம் தரம் முறியும். வளைக்காதீர்கள். நிஜமாகவே நுனி உடைந்திருந்தால் புதிதாகச் செய்யும் மாற்றுப் பாகம் கிடைக்கிறது, ஆனால் பழைய மாடலுக்கானது என்று கேட்டு வாங்குங்கள். 1964-இல் நிறையப் பாகங்களை மாற்றினார்கள், 1980-களின் தொடக்கத்தில் உறை பக்கவாட்டில் சாய்ந்து தெறிக்கும்படி செய்தபோது கொக்கியின் இடமே மாறிவிட்டது. மாற்றினால் பழையதைத் தூக்கிப் போடாமல் எண்ணெய்த் தாளில் சுற்றி ரைஃபிளோடேயே வையுங்கள். உங்களுக்கு அடுத்து வைத்திருக்கப் போகிறவர் அதைத் தேடுவார்.

கடைசியாக ஒன்று, இது பாதுகாப்பு விஷயம். தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்னையும் பாருங்கள். அதே அரக்கு அதையும் பிடித்திருந்தால் அதன் நுனி பின்னால் போகாமல் முகப்பிலேயே துருத்திக்கொண்டு நிற்கும். நுனி பிரைமரின் (உறையின் அடியில் உள்ள வெடிமூடியின்) குழியில் மாட்டிக்கொண்டிருக்கும்வரை உறை சுழல முடியாது, எஜெக்டர் வீணாகத் தள்ளிக்கொண்டிருக்கும். சுட்ட உறையின் பிரைமரில் குழி வட்டமாக இருக்கிறதா, ஒரு பக்கம் இழுத்துக் கீறின மாதிரி வால் இருக்கிறதா? வால் இருந்தால் சந்தேகப்படுங்கள். இது தெறிப்புக் குறையோடு நிற்காது. துருத்தி நிற்கும் பின்னோடு போல்ட்டை மூடினால் தோட்டா வெடித்துவிடலாம். அதனால் ஃபயரிங் பின் தன் துளையில் தாராளமாக முன்னும் பின்னும் ஓடுகிறது என்று கண்ணால் பார்க்காமல் இதை மறுபடி சுடுதளத்துக்குக் கொண்டு போக வேண்டாம்.

பழுப்புக்கட்டை எழுதியது:

இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஸ்குரூ டிரைவர் நுனி ராவவே மூன்று மாலை போனது, ஆனால் ஒரு காடிகூடச் சேதமில்லை. பெரிய ஸ்குரூ ஒன்று மட்டும் நான்கு இரவு எண்ணெய் குடித்த பிறகு அசைந்தது. அது அசைந்த கணம் உள்ளே ஏதோ இளகின மாதிரி இருந்தது.

முதலில் பிரிக்கும் முன்பே எண் போட்டு ஒரு சுற்றுச் சுட்டு எழுதி வைத்தேன். பத்தில் 1, 3, 4, 7, 8, 10 உள்ளே விழுந்தன. மறுபடி அதே உறைகளை நிரப்பிச் சுட்டபோது 2, 3, 5, 7, 9. 3-உம் 7-உம் இரண்டு தடவையும் விழுந்தன, மற்றவை மாறின. அப்போதே ஒன்றல்ல, இரண்டு காரணம் இருக்கிறது என்று தோன்றியது.

போல்ட்டை எடுத்ததும் எஜெக்டர் பின்னைத் தட்டி எடுத்தேன். தண்டு தானாக வெளியே வரவில்லை, இழுக்க வேண்டியிருந்தது. துளைக்குள் இருந்தது எண்ணெய் இல்லை, தேன் நிறத்தில் ஒரு கட்டி. மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறிய பிறகுதான் இளகியது. ஸ்பிரிங்கைத் துடைத்து மேஜையில் வைத்துப் பார்த்தால் நேராக, சுற்றுகள் ஒரே இடைவெளியில், துரு இல்லாமல் இருக்கிறது. அந்த ஸ்பிரிங்கைத்தான் நான் தூக்கிப் போட இருந்தேன்.

கொக்கியின் உள்வளைவில் நீங்கள் சொன்ன திண்டு அப்படியே இருந்தது, மஞ்சளும் கருப்பும் கலந்து. ஊசியால் சுரண்டியபோது ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது, கொக்கியின் அச்சு அதில் பதிந்திருந்தது. அதை எடுப்பதற்கு முன் உறையை மாட்டிக் குலுக்கினால் விழுந்தது, எடுத்த பிறகு விழவில்லை. ஃபயரிங் பின் கொஞ்சம் ஒட்டலாகத்தான் இருந்தது, சுத்தம் செய்த பிறகு போல்ட்டைச் சாய்த்தாலே ஓடுகிறது. பிரைமரில் வால் இல்லை.

திரும்பப் பூட்டிச் சுட்டேன். லீவரை மெதுவாக இழுத்தாலும் உறை தோளுக்கு மேலே போய் விழுகிறது! 3-உம் 7-உம் தவிர. அவை இரண்டும் இன்னமும் வாயைத் தூக்கிவிட்டுப் படுத்துக்கொள்கின்றன. காலிப்பரில் ரிம் தடிமன் பார்த்தேன், மற்றவை 0.060-லிருந்து 0.062 அங்குலம், இவை இரண்டும் 0.054. விரலால் தடவினாலே முன் விளிம்பு வழுவழுப்பாக இருப்பது தெரிகிறது. இரண்டும் அந்த இன்னொரு முத்திரை உள்ளவை.

கிரெயின்255 எழுதியது:

அந்த இரண்டையும் பெட்டியை விட்டு எடுத்துவிடுங்கள், அதே முத்திரையில் மிச்சம் இருப்பவற்றையும் அளந்து பாருங்கள். மெல்லிய ரிம் என்றால் தெறிப்பு மட்டும் பிரச்சினை இல்லை. ரிம் வைத்த உறை சேம்பருக்குள் நிற்பதே ரிம்மின் தடிமனை வைத்துத்தான், அது குறைந்தால் உறைக்கும் போல்ட்டுக்கும் நடுவே இடைவெளி அதிகமாகும், உறை நீண்டு நீண்டு ஒரு நாள் ரிம்முக்குக் கொஞ்சம் மேலே வட்டமாக வெடிக்கும். அந்த இடத்தில் உறையைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அந்த உறையின் கதை முடிந்தது. ஒரு கம்பியின் நுனியைச் சின்னதாக வளைத்து உறைக்குள் விட்டுச் சுவரைத் தடவிப் பாருங்கள், உட்புறம் பள்ளம் விழத் தொடங்கியிருந்தால் கைக்குத் தெரியும்.

நீங்கள் லேசான மருந்து சுடுவதால் பிரைமர் அடிமட்டத்தைவிடக் கொஞ்சம் வெளியே எழுந்து நிற்கலாம். குறைந்த அழுத்தத்தில் அது சகஜம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். வளையம்தான் பார்க்க வேண்டியது.

இடதுகைக்காரன் எழுதியது:

இதைப் படித்துவிட்டு என் மார்லினைப் பிரித்தேன், அதுவும் இதே மாதிரிதான் படுத்துக்கொண்டிருந்தது. மார்லினில் கொக்கி போல்ட்டின் வலது பக்கம், எஜெக்டர் ரிசீவரின் இடது சுவரில் ஒரு தகடு, உறை பக்கவாட்டில் போகும். என்னுடையதில் அந்தத் தகட்டின் பின்னால் இருக்கும் சிறு தட்டை ஸ்பிரிங் முறிந்து போயிருந்தது, அதனால் தகடு போல்ட்டின் காடிக்குள் வராமல் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. ஆக எனக்கு நிஜமாகவே ஸ்பிரிங்தான். ஆனால் முறிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் புதுசு கேட்டு எழுதினேன்.

மரைமுறுக்கி எழுதியது:

அப்படித்தான் செய்ய வேண்டும். பார்த்துவிட்டு வாங்குவது.

பழுப்புக்கட்டை, உங்களுக்கு இன்னும் ஒரு சின்ன வேலை. சேம்பரை விளக்கடித்துப் பாருங்கள். மாமனார் காலத்துத் தோட்டாக்களில் அரிக்கும் வகைப் பிரைமர் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. அது எரிந்து விட்டுப் போவது ஒருவித உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். எண்ணெய்க்கு அது கரையாது, தண்ணீருக்குத்தான் கரையும். அதைத் தெரியாமல் எண்ணெய் மட்டும் போட்டுத் துடைத்தவர்களின் சேம்பரில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருக்கும். சுட்ட உறையின் வெளிப்புறத்தில் சின்னச் சின்னப் புடைப்புகள் இருந்தால் அது சேம்பர் குழிகளின் அச்சு. இழுக்கும்போது தடையே இல்லை என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள், அதனால் உங்களுடையது சுத்தமாகவே இருக்கும் என்று நம்புகிறேன். பெட்டியில் இருக்கும் பழைய தோட்டாக்களை எப்போதாவது சுட்டால் அன்றே கொதிநீர் ஊற்றிக் குழலைக் கழுவி, நன்றாகக் காய வைத்து, அப்புறம் எண்ணெய்.

பழுப்புக்கட்டை எழுதியது:

பார்த்தேன் ஐயா. சேம்பர் சுத்தமாக இருக்கிறது, கிட்டத்தட்டக் கண்ணாடி. குழலின் நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் கொஞ்சம் கருத்திருக்கிறது. மாமனாரின் நோட்டில் கடைசிப் பக்கத்தில் "சுட்ட அன்றே வெந்நீர்" என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார், இத்தனை நாளும் அது எதற்கு என்று புரியாமல் இருந்தேன்.

அதே முத்திரையில் இன்னும் ஐந்து உறைகள் இருந்தன. மூன்றில் வளையம் தெரிகிறது. ஐந்தையும் இடுக்கியால் நசுக்கிவிட்டேன், யாரும் தவறி எடுத்து நிரப்பிவிடக் கூடாது என்று. கொக்கியிலிருந்து பெயர்ந்து வந்த அந்தத் துண்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டு நோட்டோடு வைத்திருக்கிறேன்.